மூச்சு அடுப்பு

முன்பெல்லாம் இருதயராஜை இரண்டு மகன்களும் பந்தாடினார்கள். மாதம் பிறந்தால் போதும், ஒருவன் அவரைப் பெட்டியோடு அடுத்தவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவான். விடுகிற மூச்சை அடுப்பெரிக்கும் திரவமாக மாற்றும் உலோகத் தகடு வீட்டுக்கு வீடு வந்த பிறகு, நாள் முழுக்க வீட்டோடு கிடக்கிற கிழவனுக்குத் திடீரென்று கிராக்கி.

அந்தத் தகட்டின் கண்ணுக்குத் தெரியாத துளைகளை வடிவமைத்தவனே மூத்தவன் ஜெரால்டுதான். அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒன்றைப் பொருத்தி, ஜன்னலுக்குப் பூட்டும் போட்டிருந்தான்.

"ஏல, கொஞ்சம் கடல்காத்து வரட்டும்ல," என்றார் இருதயராஜ்.

"ஜன்னல்கிட்ட போவாதிய மாமா. உலையில அரிசி கெடக்கு," என்று அடுக்களையிலிருந்து கத்தினாள் மருமகள் செலின்.

அந்நேரம் இளையவன் அமலன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, இந்த மாசம் அப்பா எனக்கு."

"தகட்டைச் செஞ்சவன் நான். அவரு இங்கதான் இருப்பாரு."

"அப்பாவையும் நீதான் செஞ்சியோ?"

இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். திறந்திருந்த கதவு வழியாக இருதயராஜ் இறங்கி, கடலைப் பார்த்து நடந்தார்.

"அடுப்பு அணைஞ்சிட்டு!" என்று செலின் அலறிய பிறகுதான் மகன்களுக்குக் கட்டில் காலியானது தெரிந்தது. கரை மணலில் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்கள்.

இருதயராஜ் நெஞ்சு நிறையக் கடற்காற்றை இழுத்து, மூத்தவன் முகத்திலேயே ஊதினார்.

"இந்தால, புடிச்சுக்கோ."