இருமலுக்குக் கையெழுத்து

சீக்கு லீவுக்குக் கம்பெனி கொடுத்துவந்த சம்பளம் போன மாதத்தோடு நின்றுவிட்டது. இனிமேல் இன்ஷூரன்ஸ் பணம்தான்; அதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். அதற்காகவே மச்சானும் மச்சினனும் செங்கல்பட்டு இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரியின் எச்சில் படிந்த தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். மச்சினன் இருமி, துண்டில் ரத்தத்தைத் துடைத்தான்.

“உள்ள போயும் இப்டியே இருமு,” என்றான் மச்சான்.

“அதை வேற சொல்லணுமா, மச்சான்? நிறுத்தத்தான் தெரியல.”

“மைதீன்!” என்று சேவகன் கூப்பிட்டான். மச்சினன் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பினான்.

“இன்னா சொன்னாரு?”

“தலையே தூக்கல. வேர்க்கடலை உரிச்சிகினே, ‘உடம்புக்கு ஒன்னுமில்ல, நாளைக்கே வேலைக்குப் போ’ன்னு எழுதிட்டாரு.”

மச்சான் தாழ்வாரத்து மூலையில் காறித் துப்பினான்.

“த்தூ. இவன்லாம் ஒரு டாக்டரா? கல்லு மாதிரி கீற நான் போனா மாட்டிக்குவேன்னுதானே, நிஜ சீக்காளி உன்னை செய்யூர்லேர்ந்து கூட்டியாந்து என் பேர்ல உள்ள அனுப்புனேன். நாணயமா ஒரு வேலை செய்ய வுடமாட்டானுங்க,” என்றான் மைதீன்.

மச்சினன் முகம் பல மாதங்களுக்குப் பிறகு மலர்ந்திருந்தது.

“அப்ப எனக்கு ஒன்னுமில்லதானே, மச்சான்?”