கெட்டி ஆயில்

பழைய வேனின் இன்ஜினில் ஸ்குரூடிரைவரை ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்ததுமே மெக்கானிக் குழந்தைவேலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே பேரிங் தேய்ந்து டிக் டிக்கென்று அடித்தது. விற்கக் கொண்டுவந்த புரோக்கர் கண்ணடித்தான். அவரும் லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை ஊற்றினார். சத்தம் அமுங்கிப்போயிற்று.

"சூடேறி ஆயில் இளகுனா மறுபடி அடிக்கும். அப்பறம் கொஞ்ச நேரத்துல இன்ஜின் இறுகிரும், பிரேக்கும் சரியாப் பிடிக்காது. மலைக்குப் போற ஆளுக்கு மட்டும் வித்துராதய்யா."

மூன்றாம் நாள் மகள் பூவிழி போனில் கூப்பிட்டாள். "அப்பா, உங்க மாப்பிள்ள வேன் வாங்கிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லாமக் கொண்டாந்து நிறுத்தணும்னாரு. கதவுல மயில் படம், சத்தமே இல்லீங்க. பாப்பாவுக்கு மொட்டை போடக் கொல்லிமலை ஏறிட்டிருக்கோம், நாப்பதாவது வளைவு."

அந்த மயிலைத் துடைத்துப் பளபளப்பாக்கியவரே குழந்தைவேலுதான்.

"வண்டிய நிறுத்தச் சொல்லு கண்ணு!"

"வளைவுல எப்பிடிங்கப்பா நிறுத்தறது? பின்னால பஸ்ஸு ஒட்டிக்கிட்டே வருது."

அவள் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். ஸ்குரூடிரைவர் வைக்கும் அதே காதில் குழந்தைவேலு போனை அழுத்தினார். மகளின் சிரிப்புக்கும் பேத்தியின் மழலைக்கும் கீழே அது அடிக்க ஆரம்பித்திருந்தது.