அந்த ஒரு கோல்

“அதெல்லாம் ஒரு கோலா?” என்றார் அலெக்சாண்டர், கண்ணாடி முன்னால் மோவாயைத் தூக்கியபடி. மௌரீன் அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய விரல்கள் ஆளுக்கொரு பக்கம் வளைந்திருக்கும். பொத்தான் போடுவது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை.

“அப்ப இந்த விழாவுக்கு எதுக்குப் போறீங்க? உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.”

“போவேன். நாலு பேர் முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.”

“ஊரே அந்த கோலைக் கொண்டாடுது. நீங்க ஒருத்தர்தான் அதைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க.”

“ஊருக்கு என்ன தெரியும்?”

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பெங்களூரு மர்பி டவுன் சந்துக்குள் காரைத் திருப்பத் தெரியாமல் பரத் திணறிக்கொண்டிருந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஓய்வு நேரத்தில் கால்பந்து ரசிகர் சங்கத்தின் செயலாளர்.

போன வாரம் இதே தெருவின் டீக்கடையில், அந்தப் பழைய ஃபைனலில் ஆடியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவன் விசாரித்தான். எல்லோரும் இந்த வீட்டைக் காட்டினார்கள்.

“அந்த ஃபைனல்ல நீங்க ஆடினீங்களா சார்?” என்று அன்று கேட்டான்.

“ஆடினேன்.”

“அந்த கோல் ஞாபகம் இருக்கா சார்?”

“அதை நினைக்காம ஒரு நாள் தூங்கினதில்ல.”

பரத்துக்குப் புல்லரித்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மௌரீனோடு ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் அலெக்சாண்டர் குனிந்து பச்சைத் தரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “என்னப்பா இது, கல்யாண மண்டபத்துப் பாய் மாதிரி?”

“ஆர்ட்டிஃபிஷியல் டர்ஃப் சார்.”

“அப்ப கீழ விழுந்தா சட்டையில மண்ணே ஒட்டாது. இதுக்குப் பேரு ஆட்டமா?”

கேலரியை அண்ணாந்து பார்த்தார். “அன்னைக்கு அல்சூர்ல இருந்தும் லிங்கராஜபுரத்துல இருந்தும் நடந்தே வந்தாங்க. இடம் கிடைக்காதவன் மரத்துல ஏறினான். இன்னைக்கு சேருங்கதான் ஆளைத் தேடுது.”

சங்கத் தலைவர் முனிகிருஷ்ணன் வெள்ளை ஷூவோடு ஓடி வந்து கைகொடுத்தார். மனை விற்பவர். பந்தைக் காலால் தொட்டிருப்பாரா என்பது அந்த ஷூவைப் பார்த்தாலே தெரிந்தது. அலெக்சாண்டர் அந்தக் கையை நனைந்த துணியைப் போலத் தொட்டு விட்டுவிட்டார்.

விழா தொடங்கியது. முனிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம பெங்களூரு ஸ்டேடியத்துல எத்தனையோ கோல் விழுந்திருக்கு. ஆனா அந்த மாதிரி இன்னொண்ணு இல்ல. காத்தாடி மாதிரி மேல பறந்து, தலையால ஒரே முட்டு.”

“காத்தாடியாம்,” என்று பக்கத்திலிருந்த பரத்திடம் முணுமுணுத்தார் அலெக்சாண்டர். “முழங்கால்ல பட்டுது.”

“உங்களுக்கு ரொம்ப அடக்கம் சார்,” என்றான் பரத்.

கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு சிறிய திரை தொங்கியது. அலெக்சாண்டரை அங்கே அழைத்துப் போய் முனிகிருஷ்ணன் அதை விலக்கினார். பித்தளைத் தகடு. ‘இந்த மைதானம் கண்ட மகத்தான கோல்’ என்று பொறித்து, கீழே அலெக்சாண்டரின் பெயர்.

அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த இளக்காரம் சட்டென்று காணாமல் போனது. கோணல் விரலால் தன் பெயரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். முன்வரிசையில் மௌரீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஒருவர் அவளைப் போட்டோ எடுத்தார்.

தோளில் சால்வை விழுந்தது. மைக் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் தொண்டையைச் செருமினார்.

“அன்னைக்கு நல்ல மழை. கிரவுண்டு பூரா சேறு. ஓரத்துல இருந்து ஒருத்தன் பந்தைத் தூக்கிப் போட்டான். யாருக்கும் எதுவும் தெரியல. அவனவன் கண்ண மூடிக்கிட்டுக் குதிச்சான். பந்து முழங்கால்ல பட்டு உருண்டுது. உருளக்கூட இல்ல, ஊர்ந்துது. லைன்ஸ்மேன் முகத்துல வழியற தண்ணியத் துடைச்சிக்கிட்டு நின்னான், கொடியைத் தூக்கல. அது சுத்தமான ஆஃப்சைடு. அதுக்குப் போய்த் தகடா? நீங்க யாராவது ஃபுட்பால் பாத்திருக்கீங்களா?”

கூட்டம் ஒரு கணம் விழித்தது. முனிகிருஷ்ணன் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“கேட்டீங்களா? இந்தக் காலத்துல ஒரு பெனால்டி போட்டவன் சட்டையைக் கழட்டிச் சுத்தறான். இவர் தன்னோட கோலையே கோல் இல்லன்னு சொல்றார். இதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்.”

கேலரியே எழுந்து நின்று கை தட்டியது. பரத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அலெக்சாண்டர் கைதட்டல் அடங்கும்வரை பொறுத்தார். பிறகு முனிகிருஷ்ணனை உச்சியிலிருந்து வெள்ளை ஷூ வரை ஒரு முறை பார்த்துவிட்டு, மைக்கைத் திரும்ப வாங்கினார்.

“அதைப் போட்டவன் செத்து எத்தனையோ வருஷமாச்சு. அதை விட்ட கோல்கீப்பர்தான் சார் நான்.”