மத்தியான வகுப்பு

ரோஸி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றாள். அதைக் கண்டதும் அய்யாதுரைக்குத் தெம்பு வந்தது. பயம் காலுக்கு இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"முதல்ல இந்த ஜடை போயிடும்," என்றார் சுபேதார் விஜயராகவன். "காதோட ஒட்ட வெட்டிடுவாங்க."

இடுப்பு வரை தொங்கிய பின்னலை ரோஸியின் கை தொட்டுப் பார்த்தது. "சரிங்க சார்," என்றாள்.

தி.நகரில் அய்யாதுரையின் ஜவுளிக்கடையில், இரண்டாம் மாடி முகூர்த்தப் பட்டுக்கு ரோஸிதான் எல்லாம். கல்யாணப் பெண்கள் "அந்தப் பாலவாக்கத்துப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டு வருவார்கள். ராணுவப் போலீஸில் பெண்களை எடுக்கிறார்கள் என்று அவள் எழுதிப் போட்டதும், பரீட்சையில் தேறியதும், ஓடிக் காட்டியதும் அவருக்கு முந்தாநாள்தான் தெரியவந்தது. அடுத்த வாரம் பெங்களூரில் பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"வேண்டாம்னு நான் சொல்லல, புள்ள. அங்க எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு," என்று சொல்லி, கோபாலபுரத்திலிருந்து தன் பழைய வாடிக்கையாளரான இந்த ஓய்வுபெற்ற சுபேதாரை வரவழைத்திருந்தார். ரோஸிக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்தது. கேட்டுவிட்டு இன்றைக்கே முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டாள். சுபேதாரிடம் மட்டும் அய்யாதுரை தனியாக, "கொஞ்சம் காரமாவே சொல்லுங்க சார்," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியான நேரம், கீழ்த்தளத்தில் கூட்டமில்லை. வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த சிவப்பு மெத்தை ஸ்டூலில் சுபேதார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொன்று காலியாக இருந்தது.

"உட்காரும்மா," என்றார்.

ரோஸி முதலாளியைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார், நின்னே கேக்கட்டும். நீங்க சொல்லுங்க," என்றார் அய்யாதுரை.

சுபேதார் தொண்டையைச் செருமினார். "இருட்டோட விசில் அடிக்கும். எழுந்ததும் படுக்கைய மடிக்கணும். கம்பளியோட ஓரம் கத்தி மாதிரி நிக்கணும். ஒரு சுருக்கம் இருந்தா உஸ்தாத் மொத்தத்தையும் உதறிப் போடுவாரு. திரும்ப மடிக்கணும்."

"உஸ்தாத்னா யாரு சார்?"

"பயிற்சி குடுக்கறவரு. அங்க உனக்கு அப்பா, அம்மா, எமன் எல்லாம் அவருதான்."

"கஸ்டமருங்களும் ஒதறித்தான் போடுவாங்க சார். நாப்பது பொடவய ஒதறிட்டு, கலர் புடிக்கலன்னு எழுந்து போவாங்க."

அய்யாதுரை குறுக்கே வந்தார். "அந்தக் குளிரு விஷயத்தச் சொல்லுங்க சார்."

"ஆமா, குளிரு. பல்லு தந்தி அடிக்கும். பச்சத் தண்ணியிலதான் குளியல். அப்புறம் ஓட்டம்."

"பீச்சுல டெய்லி ஓடிக்கினுதான் கீறேன் சார்."

"முதுகுல மூட்டை, கையில துப்பாக்கியோட ஓடியிருக்கியா?"

ரோஸி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினாள்.

சுபேதாருக்குப் பழைய ஞாபகம் பொங்கிவிட்டது. "எங்க பேட்ச்ல ஒரு பஞ்சாபி இருந்தான். என் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிட்டு ஓடுவான். இன்னிக்கும் பொறந்தநாளுக்கு போன் பண்ணுவான். அந்த மாதிரி சிநேகிதம்…"

"சார், கஷ்டத்த மட்டும் சொல்லுங்க," என்று அய்யாதுரை அவர் காதருகே முணுமுணுத்தார்.

"தப்புப் பண்ணா முட்டி போடணும். தவளை மாதிரி தாவணும். ஏன்னு கேட்டா இன்னொரு சுத்து. செல்போனப் பூட்டி வச்சுடுவாங்க. அம்மா குரல் கேக்கணும்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கணும்."

"எங்கம்மா தாங்காது சார்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் அய்யாதுரை பரிவோடு.

ரோஸி கேட்டாள். "மத்தியானத்துல இன்னா பண்ணுவாங்க சார்?"

"சாப்பாடு முடிஞ்சதும் கிளாஸ். அது இன்னும் கொடுமை." சுபேதார் குரலைத் தாழ்த்தினார். "ஓடிக் களைச்ச உடம்பு. மேல ஃபேன் வேற சுத்தும். கண்ணு சொக்கும், ஆனா சொக்கக் கூடாது. முதுக நிமிர்த்தி பெஞ்சுல அசையாம உட்கார்ந்திருக்கணும்."

"எவ்ளோ நேரம் சார்?"

"சாயங்காலம் வரைக்கும்."

"டெய்லியா?"

"ஞாயித்துக்கிழமை தவிர டெய்லி."

ரோஸியின் கண்கள் கலங்கிவிட்டன. சீருடைப் புடவையின் முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடிக்குப் போனாள்.

அய்யாதுரைக்கே பாவமாக இருந்தது. "புள்ளைய அழ வச்சுட்டீங்களே சார்," என்று சிரித்துக்கொண்டே ஒரு பட்டுக்கரை வேட்டியைப் பையில் போட்டுக் கொடுத்து, சுபேதாரை வாசல் வரை வந்து அனுப்பினார்.

பிறகு, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று மாடி ஏறினார். தீபாவளிக்கு அவளுக்கு நல்ல புடவையாக ஒன்று கொடுத்துவிட வேண்டும் என்றுகூட ஏறும்போது தோன்றியது. கடைசிப் படிக்கு வந்தவர், பேச்சுக்குரல் கேட்டு நின்றார்.

பட்டு அலமாரிக்கு அந்தப் பக்கம், ரோஸியோடு வேலை பார்க்கும் பூஜா கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி கண்ணு இப்டி செவந்துகீது? ரொம்பக் கஷ்டமாமா?"

"கஷ்டந்தான். ஜடைய வெட்டுவாங்களாம். தவள மாதிரி தாவ வுடுவாங்களாம்."

"அப்ப நீ போவலியா?"

"போறேன்."

"லூசாடி நீ? இவ்ளோ கேட்டுக்கினு இன்னாத்துக்குப் போற?"

ரோஸி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றாள்.

"அங்க குந்திக்கலாமாம்டி."