தாளில் ஒரு குட்டிச் சட்டை

"நேத்து சேவ் பண்ணி வெச்ச ஃபைலைத்தானே பிளாட்டருக்கு அனுப்புனே?" அவிநாசி பனியன் கம்பெனி முதலாளி அமீர் ஹம்சா சீறினார்.

"ஆமாங்க சார்" என்றாள் கம்ப்யூட்டரில் வெட்டு அளவு வரையும் இல்மா.

துணி வெட்டுவதற்காக பிளாட்டர் மெஷினில் அச்சாகி வந்த நீளத் தாளில் பெரியவர்கள் அளவு பனியன்களின் வரைபடங்கள். நடுவே இருந்த சந்தில் ஒரு கைக்குழந்தைச் சட்டை!

"நம்ம ஆர்டர்ல குழந்தைத் துணியே கிடையாதே, இதை யாரு சேர்த்தது?"

"நாந்தானுங்க. எப்படியும் அந்த இடத்துத் துணி வீணாத்தானுங்களே போகுது?"

"கம்பெனித் துணியில சொந்த வேலையா? யாரூட்டுக் குழந்தைக்கு?"

இல்மா தலைகுனிந்தாள்.

"கம்பெனிக்குள்ள சார்னுதான் கூப்பிடோணும்னு சொல்லிப்போட்டீங்க. இருந்தாலும் சொல்றேன். உங்க பேரப்புள்ளைக்குத்தானுங்க, மாமா. இன்னும் ஏழு மாசம் இருக்குதுங்க."

அமீர் ஹம்சா தாளை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"இந்தச் சந்தும் காலியாத்தானே கெடக்குது, கண்ணு? ஒரு தொப்பியும் சேர்த்துப் போடு."