எட்டு நாள் படகு

“பொத்தலை அடைக்க வேண்டாமுங்கண்ணா. மேல ஒரு தளம் மட்டும் ஆடாம போட்டுக் குடுங்க, போதும்.”

வெல்டிங் பட்டறை அர்த்தநாரி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். எதிரே கிடந்தது பத்தடி நீள அலுமினியப் படகு. ஏதோ அணையில் மீன் பிடிக்க ஓடியது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் குண்டடத்து விவசாயி லிங்கசாமி வாங்கி, பல்லடம் ரோட்டுப் பட்டறைவரை கொண்டுவந்துவிட்டார். அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல்.

“ஏனுங்க, தண்ணி உள்ள வந்துருமுங்களே?”

“அதெல்லாம் வராதுங்க. ஆள் நின்னா தளம் ஆடக்கூடாது, அவ்வளவுதான். முன்னால நெஞ்சு உசரத்துக்கு ஒரு பைப்பு நட்டுருங்க.”

“நீங்க நின்னு வலை வீசறதுக்குங்களா?”

“நானெங்கீங்க! ஏறப் போறது எங்கூட்டுக்காரி குழந்தையம்மாளுங்க.”

“அவங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா?”

“கெணத்தை எட்டிப் பாத்தாலே கிறுகிறுன்னு வந்துருமுங்க” என்று லிங்கசாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அர்த்தநாரிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இருபது வருஷமாகப் பனியன் கம்பெனிகளுக்கு மேஜையும் கிரில்லும் அடித்துக் கொடுப்பவர் அவர். அவர் கை பட்ட சாமானால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இப்போது ஒரு பெண்ணின் உயிரே போய்விடும் போலிருக்கிறதே! முடியாது என்றால் இந்த ஆள் அடுத்த பட்டறைக்குப் போவார். அதற்கு நாமே செய்துவிட்டு, அந்த அம்மாவின் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

கம்பெனியில் கழித்துக்கட்டிய கட்டிங் டேபிள் பலகையை அறுத்து, ஆங்கிள் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். யாரிடமும் சொல்லாமல் பொத்தலுக்கும் ஒரு தகடு வைத்துத் தார் பூசினார். அப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாக டிராக்டரில் வந்து இறங்கினார்கள். குழந்தையம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தளத்தில் ஏறினாள். தங்கு தங்கென்று இரண்டு குதி குதித்தாள்.

“ஆடவே இல்லீங்கண்ணா!” அவள் முகமெல்லாம் பூரிப்பு.

லிங்கசாமி டிராக்டர் பக்கம் போன சமயம் பார்த்து அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார்.

“அம்மிணி, இதுல அடியில பொத்தல் இருந்துச்சு. அடைக்கவே கூடாதுன்னு உங்கூட்டுக்காரர் ஒரே பிடிவாதம். மனசு கேக்காம நாந்தான் அடைச்சு வெச்சிருக்கறேன். எதுக்கும் சூதானமா இருந்துக்குங்க.”

“அட, அடைக்க வேண்டாம்னு சொல்லிவிட்டதே நாந்தானுங்கண்ணா! எட்டு நாள் படகுக்கு அதெல்லாம் எதுக்குங்க?”

அர்த்தநாரிக்கு இப்போதுதான் கிறுகிறுவென்று வந்தது. எட்டு நாள் கழித்து என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே போல்ட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தார்.

நாலு பேர் சேர்ந்து படகை அலாக்காகத் தூக்கி டிராக்டர் டிரெய்லரில் வைத்தார்கள். லிங்கசாமி அந்தப் பைப்பில் எதையோ வைத்துக் கட்டினார். குழந்தையம்மாள் தளத்தில் ஏறி நின்று முந்தானையைச் சரிசெய்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

அடுத்த நொடி, ஊர் போய்ச் சேருமுன் ஒத்திகையிலேயே, பல்லடம் ரோடே அதிர மைக் அலறியது: “நம்ம பஞ்சாயத்தோட மொதப் பொம்பளைத் தலைவரா உங்கூட்டுக் குழந்தையம்மாள் வர, மறக்காம படகுச் சின்னத்துல முத்திரை குத்துங்க சாமீ!”