பதினோரு முறை திறந்த பக்கம்

“இதைப் படிச்சா உங்களைக் கூப்பிடவே பயமா இருக்குண்ணா” என்று சொல்லி, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள் அவள்.

லாரிக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். ‘உலகத்தரமான சேவை! உபயோகமற்ற பொருட்கள் அனைத்தும் ஒரே நாளில் அகற்றப்படும்! இப்போதே அழையுங்கள்!’ மச்சான் எழுதிக் கொடுத்தது. உலகத்திலிருந்து யார் வந்து தரம் பார்த்தார்கள் என்று தனக்கும் அப்போதே சந்தேகம் வந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். மச்சானிடம் கேட்க முடியுமா?

இறந்துபோனவர்களின் வீட்டைக் காலி செய்து கொடுப்பது அவருடைய தொழில். ஒரு லாரி, கூட இரண்டு ஆட்கள், சாமான்களை இறக்கி வைக்க இந்தக் கிடங்கு. இணையதளத்தைத் தினமும் நாற்பது ஐம்பது பேர் பார்த்தார்கள். ஃபோன்தான் வரவில்லை. ஆட்களில் ஒருவர் வேறு வேலை தேட ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். என்ன வேண்டும் என்று அவர் கேட்டதும், கம்பெனிகளின் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பது தன் வேலை என்றும், உங்களுடையதைப் பார்த்தேன், சரியில்லை, மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டாள். வேலை தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இன்று மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். முதலில் ‘உலகத்தரம்’ போனது. பின்னாலேயே ஆச்சரியக்குறிகளும் லாரியின் படமும் போயின. துக்கத்தில் இருக்கிறவர்களால் நீளமாகப் படிக்க முடியாது, நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும் என்றாள். ‘நாங்கள்’ என்று ஆரம்பித்த வாக்கியங்களை எண்ணினாள். ஒன்பது. இத்தனை பேர் கூட்டமாக நின்றால் படிக்கிறவர் எங்கே நிற்பார் என்று கேட்டபோது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

‘உபயோகமற்ற’ என்ற இடத்தில் அவள் விரல் சற்றுத் தயங்கியது. பாதி தீர்ந்த ஷாம்பூ பாட்டிலைக்கூட அப்படிச் சொல்லக் கூடாது என்றபடி அதையும் அழித்தாள்.

‘ஒரே நாளில்’ என்பதை மட்டும் எடுக்கவே கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். காலையில் கை வைத்தால் சாயங்காலம் வீட்டைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிடுவோம், இந்த ஊரில் வேறு யார் செய்வார்கள் என்றார்.

“அதுதாண்ணா பயம்” என்றாள் அவள். “காலையில இருந்தது சாயங்காலம் இருக்காதுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க.”

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒருத்தரிடம் விசாரித்ததாகச் சொன்னாள். ஒரு அம்மா. இந்தப் பக்கத்தைப் பதினோரு தடவை திறந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நம்பர் வரைக்கும் வந்து, அழுத்தாமல் மூடியிருக்கிறாள்.

அவர் முகம் வாடிப்போனது. யாரைப் பறிகொடுத்தாராம் என்று கேட்க வாயெடுத்தவர், அப்படியே விழுங்கிக்கொண்டார். கேட்காமல் இருப்பது இத்தனை வருஷத் தொழிலில் வந்த பழக்கம்.

அவள் எழுந்து சுவரோர அலமாரியிடம் போனாள். வரிசையாக ஷூ பெட்டிகள்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு தெருவும் கதவு எண்ணும் எழுதியிருந்தது. என்ன இதெல்லாம் என்று கேட்டாள். சட்டைப் பையிலும் மெத்தைக்கு அடியிலும் புத்தகத்துக்குள்ளும் அகப்படுகிறவை என்றார். ஃபோட்டோ, கடிதம், பஸ் டிக்கெட், ஒரு பெட்டியில் பால் பல். ஒன்றுமே வேண்டாம், எல்லாவற்றையும் கொண்டுபோங்கள் என்று சொன்னவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து வந்து நிற்பார்களாம்.

இதை ஏன் எழுதவில்லை என்று அவள் கேட்டாள்.

“இதெல்லாம் ஒரு சேவையாம்மா?” என்றார் அவர். “தூக்கிப் போட மனசு வரல. அவ்வளவுதான்.”

அவள் வந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் தலை நிமிரவில்லை. பிறகு கணினியை அவரிடம் நகர்த்தினாள்.

‘அந்த அறையின் கதவை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும்வரை எதையும் தொடமாட்டோம். வேண்டாம் என்று கொடுத்ததையும் ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருப்போம். மனசு மாறினால் வாருங்கள்.’

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அந்த அம்மாவை மறுபடி பார்த்தீங்கன்னா சொல்லுங்கம்மா” என்றார். “ஃபோன் பண்ணிப் பேசக்கூட வேணாம். முகவரியைக் கொடுத்தாப் போதும். ஆளுங்க, லாரி எதுவும் இல்லாம நான் மட்டும் முதல்ல போறேன்.”

அவள் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாள். ஒரு தாளில் எழுதினாள். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் பக்கம் தள்ளினாள்.

அந்தத் தெரு அவருக்குத் தெரிந்த தெருதான். பத்து நிமிஷ நடை. நாளைக்கே போகிறேன் என்று சொல்லித் தாளை மடித்தவர், அங்கே யார் வீடு என்று விசாரிப்பது என்றார்.

“எங்க வீடுதாண்ணா. மாடியில, பொண்ணோட ரூம்.”